சன்சத் டிவி: சட்டம் உருவாவதை நேரில் பார்க்கலாம்

பிளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். நாடாளுமன்றப் பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு சன்சத் டிவியின் யூடியூப் பக்கத்தைத் திறந்துவிடுவேன். மக்களவை, மாநிலங்களவை இரண்டுக்கும் தனித்தனியாக இருந்த சேனல்களை இணைத்து 2021இல் தொடங்கியது இது. கூட்டத்தொடர் நடக்கும்போது இரு அவைகளும் நேரலையில் வரும், கட்டணம் கிடையாது.

முதலில் 2023 செப்டம்பரில் நடந்த மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா விவாதத்தைப் பாருங்கள். 20ஆம் தேதி மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. மறுநாள் மாநிலங்களவையில் 214, எதிர்ப்பே இல்லை. அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். ஓர் அவை மறுத்தால் கூட்டுக் கூட்டம் போட்டுத் தீர்க்க வழியில்லை. வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் பதியாத இந்த விதி, அந்த எண்கள் அறிவிக்கப்படுவதைப் பார்த்ததும் பதிந்துவிடுகிறது.

அப்புறம் வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டும் பற்றிய பண மசோதா. மாநிலங்களவை பரிந்துரைதான் செய்யலாம், 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். அதனால் அங்கே பேசுவது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பட்ஜெட் பற்றி நான் கேட்ட ஆழமான உரைகள் பலவும் அந்த அவையில் பேசப்பட்டவைதான்.

நேரம் குறைவா? சரி, மசோதாவைப் பிரிவு பிரிவாக வாக்குக்கு விடும் பகுதியை மட்டுமாவது பாருங்கள். எதிர்க்கட்சி கொண்டுவரும் திருத்தங்கள் என்ன ஆகின்றன என்பது அங்கேதான் தெரியும்.