கோயம்புத்தூர் கிரைண்டர்: மாவுக்குக் குறையில்லை, சத்தம்தான் தாங்கவில்லை

இரண்டு லிட்டர் டேபிள் டாப், மூன்று கல் மாடல். நாலு வருஷமாக எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை ஓடுகிறது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, சொல்லியும் பிரயோஜனமில்லை. இதே டிரம், இதே கல், இதே மூடியோடு வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டிய பத்து மாடலையாவது கோவைக் கடைகளில் பார்த்துவிட்டேன்.

முதலில் மாவு. ஒரு டம்ளர் உளுந்து போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் கல்லையே மூடுகிற அளவுக்கு எழும்பி நிற்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகிவிடும், இதில் கல் நிதானமாகச் சுற்றுவதால் நிறுத்திவிட்டு விரலை வைத்துப் பார்த்தால் கதகதப்புகூட இல்லை. இட்லி விஷயத்தில் முழு மார்க்.

மூன்றாவது வருஷம் ஒருநாள் சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை. சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். பத்து நாள் வைத்திருந்துவிட்டு, மோட்டார் செட்டோடு மாற்ற வேண்டும், 2,800 ரூபாய் ஆகும் என்றார்கள். வேண்டாம் என்று திருப்பி வாங்கி, பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போகும்போது கல்லைத் தனியாக, டிரம்மைத் தனியாகக் கட்டிக் கோவைக்கே தூக்கிக்கொண்டு போனேன் (ரயிலில் அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை). ஆவாரம்பாளையத்தில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டாரெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, கெப்பாசிட்டர்தான் போயிருச்சுங்க" என்றார். மோட்டார் சுற்ற ஆரம்பிக்க உதவும் சின்னப் பாகம் அது. பெல்ட்டும் தளர்ந்திருந்தது. ஒரு பையனைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினார், அவன் திரும்பி வருவதற்குள் நான் ஒரு டீதான் குடித்திருப்பேன். எல்லாம் சேர்த்து 350 ரூபாய்.

கிரைண்டரோடு நமக்குச் சேர்ந்து கிடைப்பது அந்தப் பக்கத்துத் தெருதான். இது ஒரே நாளில் வந்ததில்லை. பஞ்சாலைகள் முதலில் வந்தன, 1932-இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின, கிணற்றுக்கு மோட்டார் பம்ப் வந்தது, பம்புக்கு வார்ப்படச் சாலை, லேத் பட்டறை, காயில் கட்டுகிறவர் என்று ஊரே இரும்பும் செம்புமாகிவிட்டது. அதற்கப்புறம் 1955-இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்தபோது தேவையான எல்லாம் ஏற்கெனவே உள்ளூரில் இருந்தன. கல்லுக்கு ஊத்துக்குளி, வெண்ணெய்க்குப் பேர்போன அதே ஊத்துக்குளிதான். 2015 வாக்கில் கோவையில் 700-க்கும் மேற்பட்ட கிரைண்டர் தயாரிப்பாளர்கள் இருந்தார்கள்.

சரி, இத்தனை பேர் இருந்தும் என் கிரைண்டர் ஏன் இப்படிக் கத்துகிறது? அதுதான் என் பெரிய குறை. ஓடும்போது ஹாலில் டிவி கேட்காது. மாவோடு டிரம்மைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மாவைத் தள்ளிவிடும் பட்டை நிற்கிற மூலையில் எப்போதும் ஒரு கைப்பிடி அரிசி அரைபடாமல் ஒட்டியிருக்கும். இந்த மூன்றும் ஸ்டிக்கர் வேறான மற்ற மாடல்களிலும் அப்படியே இருக்கின்றன. ஒருவர் எதையாவது புதிதாகச் செய்தால் அடுத்த மாதமே பக்கத்துப் பட்டறையில் அதே வந்துவிடும், அப்புறம் யார் காசு போட்டு யோசிப்பார்கள்? போட்டி முழுக்க விலையில்தான், அதுவும் ஐம்பது நூறு ரூபாய்க்கு.

அரசாங்கம் இந்தத் தொழிலுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காப்பாற்றும், சத்தத்தைக் குறைக்காது. 2011-இல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்தது. டெண்டரில் எவர் குறைத்துப் போடுகிறாரோ அவருக்குத்தான் ஆர்டர் என்று ஆன பிறகு, கிரைண்டரை மலிவாகச் செய்யத்தான் பழகினார்களே தவிர மேலாகச் செய்ய இல்லை என்பது என் எண்ணம். வரி இன்னொரு கூத்து. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம், தயாரிப்பாளர்கள் கெஞ்சிக் கூத்தாடி அதை 5 வரை குறைக்க வைத்தார்கள், 2022 ஜூலையில் 5-லிருந்து ஒரே தாவலாக 18. இந்த லட்சணத்தில் எந்தச் சின்னப் பட்டறைக்காரர் அடுத்த ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போடுவார்?

பம்ப்காரர்களைப் பாருங்கள். சோதித்துச் சான்று தர அதே ஊரில் சிட்டார்க் கூடம் இருக்கிறது, பம்பின் மேல் மின்சிக்கன நட்சத்திரம் ஒட்டி விற்கிறார்கள். என் கிரைண்டர் பெட்டியில் நட்சத்திரமும் இல்லை, எத்தனை டெசிபல் என்ற விவரமும் இல்லை. வீட்டில் ஃபேன்கூட கரண்டும் சத்தமும் குறைவான பிஎல்டிசி மோட்டாருக்கு மாறிவிட்டது. கிரைண்டரிலும் அதே மோட்டாரை வைத்தால் என்ன என்று அந்தக் கடைக்காரரிடம் கேட்டேன். "செய்யலாமுங்க, ஆயிரம் ரூபா ஏறுனா யாருங்க வாங்குவாங்க?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், நானே வாங்கியிருக்க மாட்டேன்.

ஆனாலும் வாங்கலாம். முடிந்தால் கோவைக்குப் போகும்போது வாங்குங்கள், கூடவே ஒரு பெல்ட்டும் கெப்பாசிட்டரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே கல்லைப் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள், டிரம் ஆடினால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம், அப்பார்ட்மெண்ட்டில் இருந்தால் காலை ஏழு மணிக்கு முன்னால் ஓட்டாதீர்கள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் லுங்கியோடு மேலே வந்து கதவைத் தட்டிவிட்டார்.