முதல் பைக் வகுப்புக்கு முன்: சைக்கிளா, ஸ்கூட்டரா, நண்பரின் வண்டியா?

பைக் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பணம் கட்டியாயிற்று. வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கிறது. நினைத்தாலே வயிறு கலங்குகிறது. இந்த இடைவெளியில் என்ன செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு யோசனை வரும். முதலில் ஸ்கூட்டரில் பழகு என்பார் ஒருவர். என் வண்டியை எடுத்துக்கொள், காலி மைதானத்தில் நானே சொல்லித் தருகிறேன் என்பார் இன்னொருவர். ஒன்றுமே வேண்டாம், வெறுங்கையோடு போ, அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்பவரும் உண்டு.

எல்லாம் நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் யாரும் "உனக்கு எதற்குப் பயம்?" என்று கேட்பதில்லை. கீழே விழுவோமோ என்பது ஒரு பயம். கை தவறி வண்டி பாய்ந்துவிடுமோ என்பது வேறு. எல்லோர் முன்னாலும் வண்டி ஆஃப் ஆகி மானம் போகுமோ என்பது மூன்றாவது, பலருக்கு இதுதான் பெரிது. நெரிசலான சாலையில் எப்படி ஓட்டுவது என்பதும் ஒரு பயம்தான், ஆனால் ஆரம்பப் பயிற்சி வழக்கமாக வாகனங்கள் வராத இடத்தில்தான் தொடங்கும். அதனால் அதை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டு இருக்கிற வழிகளை எடை போடுவோம்.

சைக்கிளும் ஸ்கூட்டரும்

விழுவதுதான் பயம் என்றால் சைக்கிளை மிஞ்சிய தயாரிப்பு இல்லை. இரண்டு சக்கரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் இயற்பியல் ஒன்றுதான். கொஞ்சம் வேகம் வந்த பிறகு வண்டி சாய்ந்துதான் திரும்பும். அந்தச் சாய்வைத் தொடங்கிவைப்பது ஹேண்டில்பாரில் கொடுக்கும் சிறு அழுத்தம். வலது பக்கம் போக வலது கைப்பிடியை லேசாக முன்னே தள்ள வேண்டும். படித்தால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் சைக்கிள் ஓட்டும் எல்லோரும் தெரியாமலே செய்வது இதைத்தான். பைக்கிலும் அதேதான்.

சைக்கிளில் வேகமாகப் போய்ப் பழக வேண்டியதில்லை. வேகத்தில் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். சோதனை மெதுவாகப் போவதில்தான் இருக்கிறது. நடப்பவரைவிட மெதுவாக நேர்கோட்டில் போய்ப் பாருங்கள். குறுகிய இடத்தில் திரும்பிப் பாருங்கள். திரும்பும்போது முன்சக்கரத்தைப் பார்க்காமல், தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். கல்லையே வெறித்துப் பார்த்தால் கல் மீதுதான் ஏறும். வகுப்பில் எட்டுப் போடும்போது பலர் காலை ஊன்றுவது தரையைப் பார்ப்பதால்தான்.

சைக்கிள் சொல்லித் தராதவை இரண்டு: எடை, கிளட்ச் (இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்தும் சேர்த்தும் விடும் இடது கை லீவர்). பிரேக் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சைக்கிளில் எந்தக் கை முன் பிரேக் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பைக்கில் வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக்.

ஸ்கூட்டர் விஷயம் கொஞ்சம் சிக்கல். எடை பழகும், ஆக்சிலரேட்டர் பழகும், சாலையும் பழகும். ஆனால் கியர் இல்லாத ஸ்கூட்டரில் இடது கைப்பிடி பிரேக். பைக்கில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பதற்றத்தில் கை பழைய வேலையைத்தான் செய்யும்: இடது கை இறுக்கிப் பிடிக்கும். பைக்கில் அப்படிப் பிடித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து, வண்டி தன்பாட்டுக்கு உருளும். நிற்காது. இறக்கமாக இருந்தால் வேகம் கூடவே செய்யும். வலது காலுக்கோ பிரேக் மிதிக்கும் பழக்கமே இருக்காது.

ஏற்கெனவே பல வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். அவருடைய சமநிலையும் சாலை அறிவும் பெரிய முதலீடு. இடது கையையும் வலது காலையும் மட்டும் புதிதாகப் பழக்கினால் போதும். ஆனால் பைக் கற்பதற்காகவே புதிதாக ஸ்கூட்டர் கற்கப் போவது சுற்றுவழி. சைக்கிளே மேல். (வேலைக்குப் போய்வர ஒரு வண்டி, அவ்வளவுதான் தேவை என்றால் ஸ்கூட்டரோடு நின்றுவிடுவதிலும் தவறில்லை. பைக்தான் ஓட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.)

நண்பரிடம் கற்பதும் வெறுங்கையோடு போவதும்

நண்பரிடம் கற்காதே என்று சொல்பவர்கள் ஒரு பழைய ஆய்வை எடுத்துக் காட்டுவார்கள். 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த சுமார் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது அது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்றது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் முறையாகப் பயிற்சி பெற்றால் விபத்து குறைகிறது என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. விபத்தில் சிக்காதவர்களும் பெரும்பாலும் அப்படித்தானே கற்றிருப்பார்கள்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் அமைப்பு 2010-இல் வெளியிட்ட மீளாய்வும், இருக்கிற ஆய்வுகளின் தரத்தை வைத்து எந்தப் பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று முடிவு சொல்ல இயலவில்லை என்றது. ஆகவே எண்ணை வைத்து நண்பரை அடிக்க வேண்டாம்.

நண்பர் வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. அவருக்கு ஓட்டத் தெரியும், ஓட்டுவதைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. "கிளட்சை மெதுவா விடு" என்பார். எவ்வளவு மெதுவாக, எந்த இடம் வரை, அந்த இடம் வந்ததும் என்ன செய்வது என்பதெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும், வாய்க்கு வராது. வண்டி அவருடையது, கீறல் விழுமோ என்ற பயம் புதிதாக ஒன்று சேரும். கூடவே வரும் அறிவுரைகளில் மோசமானது இது: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும்."

உண்மை இதற்கு நேர்மாறு. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. முன் டயர் சாலையில் அழுந்தி, அதன் பிடிமானம் கூடுகிறது. பின் டயரில் குறைகிறது. நிறுத்தும் சக்தியின் பெரும்பகுதி முன் பிரேக்கில் இருப்பது இதனால்தான். சறுக்கி விழுவது முன் பிரேக்கைத் தொட்டதால் அல்ல. அதை ஒரே வெட்டாகப் பிடித்ததாலோ, ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது பிடித்ததாலோ. நேராக வைத்துக்கொண்டு, படிப்படியாக அழுத்தம் கூட்டினால் வண்டி அழகாக நிற்கும். இந்த ஒரு தவறான அறிவுரையை மறக்கடிக்கவே பயிற்சியாளருக்கு வெகு நேரம் பிடிக்கும்.

வெறுங்கையோடு போவதில் மறக்க வேண்டியது எதுவும் இல்லை. அது பெரிய லாபம். ஆனால் பயந்த சுபாவம் உள்ளவருக்கு முதல் அரை மணி நேரம் எல்லாமே புதிதாக இருக்கும்: ஹெல்மெட், சத்தம், எடை, நான்கு கை கால்களுக்கும் தனித்தனி வேலை. தலை நிரம்பிவிடும், சொல்வது உள்ளே ஏறாது. ஆகவே எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை. நண்பரிடம் பாடம் கேட்க வேண்டாம். வண்டியை மட்டும் கேளுங்கள், சாவி கூட வேண்டாம்.

நின்றிருக்கும் வண்டியும் வீடியோவும்

இன்ஜினை ஆன் செய்யாத வண்டியில் உட்கார்ந்து பழகுவதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முதலிடம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, உரியவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, ஏறி உட்காருங்கள். இரண்டு காலும் ஊன்றட்டும். சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது வண்டிக்கு எடையே இல்லை. கொஞ்சம் சாய்ந்தாலும் தாங்கலாம். ஒரு இடத்தைத் தாண்டினால் சட்டென்று கனக்கும். அந்த இடம் எது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் விழும் பயத்தில் பாதி போய்விடும். அதைத் தாண்டி வண்டி சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்தப் போராடாதீர்கள், காலை விலக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள். சிறிய பைக்கே நூறு கிலோவைத் தாண்டும். இடுப்பும் முழங்காலும் அதைவிட விலை கூடியவை.

அடுத்து நியூட்ரலில் (எந்தக் கியரும் விழாத நிலையில்) போட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடங்கள். முன் பிரேக்கை இதமாகப் பிடித்து நிறுத்துங்கள். பல பயிற்சிகளில் முதல் பாடமே இதுதான்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஹாரன், இண்டிகேட்டர், இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று விரலால் தேடுங்கள். கிளட்சைப் பிடித்து கியர் மாற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே, நியூட்ரல் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே. வேறு மாதிரி வைத்த வண்டிகளும் உண்டு, எனவே பயிற்சி வண்டியில் எப்படி என்று முன்பே கேட்டு வையுங்கள். இன்ஜின் ஓடாதபோது கியர் சில சமயம் விழாது. வண்டி கெட்டுப்போகவில்லை; முன்னும் பின்னுமாக லேசாக நகர்த்தினால் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இடது கை. கிளட்சை முழுக்கப் பிடிப்பது ஒரு நொடி. விடுவது, நிரம்பிய குடத்தைத் தரையில் இறக்கி வைப்பதுபோல. இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து வெறுங்கையாலும் செய்யலாம். வண்டி பாய்ந்துவிடும் என்ற பயத்துக்கு மருந்தும் இந்தக் கையில்தான் இருக்கிறது. வண்டி எதிர்பாராமல் முன்னே பாயும்போது உடம்பு பின்னே சாயும், சாய்கிற உடம்பு ஆக்சிலரேட்டரை இன்னும் திருகும், பாய்ச்சல் கூடும். அந்த நேரத்தில் வலது கையைச் சரிசெய்ய யோசிக்க அவகாசம் இருக்காது. கிளட்சைப் பிடித்தால் போதும், இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குச் சக்தி போகாது. அதுவரை ஓடிய வேகத்தைப் பிரேக் பார்த்துக்கொள்ளும். ஸ்கூட்டர்காரரின் இடது கைப் பழக்கம் இந்த ஒரு இடத்தில் மட்டும் தற்செயலாக உதவிவிடும்.

வீடியோவுக்கு இதில் பாதி மதிப்புகூட நான் தர மாட்டேன். கிளட்ச் உள்ளே தட்டுகள் எப்படி உரசிப் பிடிக்கின்றன, பாதி பிடித்த நிலை என்றால் என்ன என்று பார்த்து வைப்பது நல்லது. பயிற்சியாளர் சொல்லும்போது சொல் புதிதாக இருக்காது. அதற்கு ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் பார்த்தால், முழங்கால் தரையில் உரச வளைவில் திரும்புவது எப்படி என்பதில் தொடங்கி விபத்துத் தொகுப்புகளில் போய் நிற்கும். பயம் குறையாது.

குழுவும் தனி வகுப்பும்

கூச்சம் உள்ளவர்கள் தனி வகுப்பைத்தான் தேடுவார்கள். மானம் போகும் என்ற பயத்துக்கு உண்மையில் குழுதான் நல்லது. தனி வகுப்பில் முழு நேரமும் ஒருவரின் பார்வை உங்கள் மேலேயே இருக்கும். குழுவில் எல்லோருக்கும் வண்டி ஆஃப் ஆகும், அதைக் கண்ணால் பார்ப்பீர்கள். முறை வரக் காத்திருக்கும் நேரத்தில் இடது கைக்கு ஓய்வும் கிடைக்கும். புதியவருக்கு முதல் நாளில் வலிப்பது அந்தக் கைதான்.

சைக்கிள் சமநிலையே இல்லாதவர், உயரம் குறைந்தவர், எதையும் நிதானமாகக் கற்பவர் ஆகியோருக்குக் குழுவின் வேகம் ஒத்துவராது. அவர்கள் ஒரு தனி வகுப்பு எடுத்துவிட்டுக் குழுவில் சேரலாம். ஒரே நாளில் முடிக்கும் வகுப்பும் பல நாளாகப் பிரித்த வகுப்பும் இருந்தால் யோசிக்காமல் பிரித்ததை எடுங்கள். இடையில் ஒரு தூக்கம் இருந்தால் கை கற்றது படியும்.

ஹெல்மெட்

இரவல் ஹெல்மெட்டா சொந்த ஹெல்மெட்டா என்பதில் போட்டியே இல்லை, சொந்தம். 2008 காக்ரேன் மீளாய்வின்படி ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. பொருந்தாத ஹெல்மெட் கழன்றுவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. முகம் முழுதும் மூடுவதாக, கன்னத்தை அழுத்துவதாக, தலையை ஆட்டினால் தனியாகச் சுழலாததாக இருக்கட்டும். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தினால் வடிவம் சரியில்லை. வீட்டில் அரை மணி நேரம் போட்டிருந்தால் தெரிந்துவிடும், மூச்சு முட்டும் உணர்வும் பழகிவிடும். கையுறையும் ஷூவும் அப்படியே: தடித்த கையுறையில் கிளட்ச் பிடிக்கும் இடம் தெரியாது, முனை தடித்த ஷூ கியர் லீவருக்கு அடியில் நுழையாது.

போவதும் தள்ளிப்போடுவதும்

கடைசி நேரத்தில் மனம் இதைத்தான் கேட்கும். காய்ச்சல், தூக்கக் குறைவு, மயக்கம் தரும் மாத்திரை என்றால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள். பதற்றத்துக்கென்று தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது. வெறும் பயம்தான் என்றால் போய்விடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த முறை பயம் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். போனதும் பயிற்சியாளரிடம் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இருப்பதிலேயே உயரம் குறைந்த, எடை குறைந்த வண்டியைக் கேளுங்கள். நடுவில் முடியவில்லை என்றால் நியூட்ரலில் போட்டு, சைடு ஸ்டாண்டு போட்டு, இறங்கி உட்காருங்கள். அன்று அதற்கு மேல் ஏற மனமில்லை என்றாலும் பரவாயில்லை, அந்த வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து அடுத்த வகுப்பில் அதையே கேட்டு வாங்குங்கள்.