பெற்றோருடன் வருவதா, தனியே வருவதா? இஸ்ரேலில் குடியேறும் இளையோரின் கணக்கு

இஸ்ரேலுக்குக் குடிபெயர நினைக்கும் யூதக் குடும்பங்கள் வீட்டு வாடகையையும் வேலையையும்தான் முதலில் விசாரிக்கின்றன. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகளின் பிறந்த தேதியை. 1950ஆம் ஆண்டின் மீள்வருகைச் சட்டம் யூதர்களுக்குக் கதவைத் திறந்தது. 1970ஆம் ஆண்டின் திருத்தம் அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உள்ளே விட்டது. ஆனால் ஒரே வீட்டிலிருந்து வரும் 19 வயதுத் தம்பிக்கும் 23 வயது அண்ணனுக்கும் வாய்ப்பது ஒரே வாழ்க்கை அல்ல.

சில சலுகைகள் யாரோடு வந்தாலும் உண்டு. 'சால் க்ளிதா' எனப்படும் குடியேற்ற உதவித்தொகை தொடக்க மாதங்களில் தவணையாக வரும். உல்பான் எனும் மொழிப் பள்ளியில் சுமார் 5 மாதம் இலவசமாக எபிரேயம் படிக்கலாம். இளைஞர்களுக்கு இவற்றைவிடப் பெரியது கல்லூரிக் கட்டண உதவி. இளங்கலையை 27 வயதுக்குள், வந்த 3 ஆண்டுகளுக்குள் தொடங்க வேண்டும். படைச்சேவைக் காலம் அந்த 3 ஆண்டுக் கணக்கில் சேராது.

படைச்சேவைதான் பாதைகளைப் பிரிக்கிறது. 22 வயதுக்கு மேல் வந்து இறங்கும் ஆணைப் பொதுவாகக் கட்டாயச் சேவைக்கு அழைப்பதில்லை. 19 வயதில் வந்தவன் தப்ப முடியாது. அவன் பெற்றோருடன் வந்தால் சாதாரணப் படைவீரன். பெற்றோர் வெளிநாட்டில் இருக்க, தனியே வந்தால் 'ஹயால் போதேத்', அதாவது தனித்த வீரன். கூடுதல் சம்பளம், தங்குமிட உதவி, சொந்த வேலைகளை முடிக்கத் தனி விடுப்பு, பெற்றோரைப் பார்த்துவர வெளிநாட்டு விடுப்பு எல்லாம் அவனுக்குத்தான். கரின் ட்ஸாபார் போன்ற திட்டங்கள் இப்படி வருபவர்களைக் குழுவாகச் சேர்த்து, பெரும்பாலும் கிப்புட்ஸ் எனும் ஒரு கூட்டுவாழ்வுக் கிராமத்தில் குடியமர்த்துகின்றன.

காகிதத்தில் தனியே வருவதே லாபம். ஆனால் வெள்ளிக்கிழமை மதியத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சப்பாத் எனும் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு முன் முகாமிலிருந்து விடுப்பில் கிளம்பும் மற்றவர்கள் அழுக்குத் துணி மூட்டையை அம்மாவிடம் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். இவன் கடை மூடுவதற்குள் ரொட்டியும் முட்டையும் வாங்கி, கடைசி பஸ்ஸைப் பிடித்து, வாடகை அறையில் தானே சலவை இயந்திரத்தை ஓட்ட வேண்டும். கூடுதல் சம்பளம் சும்மா தரப்படவில்லை. நண்பர் கூட்டம் எளிதில் சேரும் பையனானால் தனியே அனுப்பலாம். வீட்டைவிட்டு இதுவரை பிரிந்திராதவனைச் சலுகைக்காக அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மனம் உறுதிப்படாதவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. வெளிநாட்டு யூத இளைஞர்களுக்காக 2004இல் தொடங்கிய மாசா திட்டங்களில் சில மாதங்கள் படித்தோ பயிற்சி பெற்றோ பார்க்கலாம். மீள்வருகை உரிமை உள்ளவர்களுக்கான தற்காலிக ஏ/1 விசாவில் குடியுரிமை ஏற்காமலே தங்கலாம், வேலையும் செய்யலாம். ஆனால் சால் க்ளிதா வராது.

புலம்பெயர்ந்த இஸ்ரேலியர்களின் பிள்ளைகள் தனி ரகம். நியூயார்க்கில் பிறந்த மகள் 'எஸ்ராஹ் ஓலே' என்ற பெயரில் புதுக் குடியேறிக்கு இணையான உதவி பெறுவாள். கூடவே திரும்பும் அப்பா வெறும் 'திரும்பிவரும் குடியிருப்பாளர்'. அவருக்குக் கிடைப்பது சொற்பம். ஆனால் மகள் பிறப்பாலேயே குடிமகள், அதனால் படைக்கடமையும் கூடவே பிறந்துவிடுகிறது.

இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லாதவர்களும் இருக்கிறார்கள். யூதரின் பேரனுக்கு உரிமை உண்டு, பேரனின் பிள்ளைக்குத் தனி உரிமை கிடையாது. பெற்றோருடன் வரும் சிறுவருக்குத் தற்காலிக வசிப்புரிமையில் தொடங்கிப் படிப்படியாக வழி செய்கிறார்கள். 18 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வரும் கலப்புக் குடும்பங்களில் இது அடிக்கடி எழும் சிக்கல். இத்தகைய வீட்டில் மூத்தவனுக்கு 17 நடக்கிறதென்றால் வீட்டை விற்று நல்ல விலை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும்.