கேஸ் மட்டும் ஏற்றுவதா, ஃப்ரீசரை மாற்றுவதா, புதிதாக வாங்குவதா?

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கேஸ் போயிடுச்சு, ஏத்தணும்." ஃப்ரிட்ஜ் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அது எங்கே என்று தெரியாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது.

அதற்கும் முன், பழுது கேஸில்தானா என்று பாருங்கள். கம்ப்ரசர் சில நொடி முனகி, 'டக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து அதையே திரும்பச் செய்தால் காரணம் ரிலே (கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்யும் சுவிட்ச்), ஓவர்லோடு (சூடு ஏறினால் நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்), குறைந்த வோல்டேஜ், இல்லையென்றால் கம்ப்ரசர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரிலேயைக் கழற்றிக் குலுக்கினால் உடைந்த சில்லுச் சத்தம் கேட்கிறதா? ரிலேயை மட்டும் மாற்றினால் போதும், சின்னச் செலவு. கம்ப்ரசரின் மூன்று பின்களில் இரண்டிரண்டாக மல்டிமீட்டர் வைத்து ஓம் அளந்தால், கிடைக்கும் மூன்றில் பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வர வேண்டும். எந்தப் பின்னாவது பாடியோடு தொடர்பு காட்டினால் அந்தக் கம்ப்ரசர் தேறாது.

கம்ப்ரசர் ஓடியும் குளிரவில்லை என்றால் ஃப்ரீசரைப் பார்க்க வேண்டும். குழாய் நுழையும் இடத்தில் மட்டும் மெல்லிய பனி: கேஸ் குறைவு. பனியே இல்லை, கண்டென்சரும் (சூட்டை வெளியே விடும் குழாய்) சூடாகவில்லை: கேஸ் முழுக்கப் போயிருக்கலாம், கேபிலரி (ஃப்ரீசருக்குள் கேஸை விடும் மெல்லிய குழாய்) அடைத்தும் இருக்கலாம். கேபிலரிக்கு முன்னால் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் பக்கம் திறக்கும்போது கேஸ் பீறிட்டால் அடைப்பு.

இனி வழிகள்.

கேஸ் மட்டும் ஏற்றுவது

மலிவு, அன்றைக்கே முடிந்துவிடும். ஓட்டை நுண்ணியது என்றால் சில மாதம் தாங்கவும் செய்யும். ஆனால் இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் பரவலாக இருக்கும் ஆர்600ஏ கேஸில் இதைவிட மோசமான வழி இல்லை. அது மைனஸ் 11.7 டிகிரியில் கொதிக்கும். ஃப்ரீசர் மைனஸ் 20-க்குக் கீழே போகும்போது உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுகிறது. ஓடும் நேரத்தில் ஃப்ரீசர் ஓட்டை கேஸை வெளியே விடாது, காற்றையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கும். அந்த ஈரம் கேபிலரி முனையில் உறைந்து அடைக்கும். கொஞ்ச நேரம் குளிர்ந்து, நின்று, மறுபடி குளிரும் ஃப்ரிட்ஜ்களில் பல இப்படிக் கெட்டவைதான். கடைசியில் கம்ப்ரசருக்கும் சேர்த்துச் செலவு.

ஜாயின்ட்டில் கசிவைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, நைட்ரஜன் அடைத்துச் சோப்பு நுரையில் சோதித்த பிறகு கேஸ் ஏற்றினால் அது முறையான வேலை. அதிலும் மூன்று விஷயம் பாருங்கள்: புது ஃபில்டர், குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்கம் பம்ப் அரை மணி நேரமாவது ஓடுவது, எடை பார்க்கும் தராசு. சின்ன ஃப்ரிட்ஜுக்கு ஆர்600ஏ சில பத்து கிராம்தான். ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சியில் தெரியும். சரியான அளவு பின்பக்க லேபிளில் இருக்கும். இதற்குப் பதில் "134ஏ (வேறு வகை ஃப்ரிட்ஜ் கேஸ்) போட்டுக்கலாம், அதுவும் ஓடும்" என்றால் அவரை அனுப்பிவிடுங்கள். கம்ப்ரசர் வேறு, ஆயில் வேறு. மோட்டார் திணறிச் சாகும்.

ஃப்ரீசரை ஒட்டுவது

ஐஸைக் கத்தியால் சுரண்டிப் போட்ட ஒற்றை ஓட்டைக்கு இது பொருந்தும். இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, இரண்டு பகுதி எபாக்ஸியைப் பூசி, ஒரு முழு நாள் காயவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் கேஸ் ஏற்றுகிறவரின் ஒட்டு நிற்காது. அலுமினியக் கம்பி வைத்துப் பற்றவைக்கலாம்தான்; ஆனால் கம்பி உருகும் சூட்டுக்கும் தகடே உருகும் 660 டிகிரிக்கும் இடைவெளி குறைவு, கை தேர்ந்தவர் வேண்டும். ஆர்600ஏ எளிதில் தீப்பற்றும்; உள்ளே அது மிச்சமிருக்கும்போது தீயே கூடாது. உப்பும் ஈரமும் அரித்து விழுந்த ஓட்டை என்றால் ஒட்டுவது வீண்; பக்கத்திலேயே அடுத்தது விழும்.

ஃப்ரீசரை மாற்றுவது

கம்ப்ரசர் நல்ல நிலையில் இருந்து, ஃப்ரீசர் மட்டும் அரித்திருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். செம்பு வால் (குழாய் முனை) வைத்து வரும் ஃப்ரீசரை வாங்கினால் செம்போடு செம்பு பற்றவைக்கலாம், ஜாயின்ட் நிலைக்கும். பலர் கோட்டைவிடும் இடம் கேபிலரி. அது கம்ப்ரசருக்குத் திரும்பிவரும் குழாயோடு ஒட்டியே போக வேண்டும். தனியாகத் தொங்கவிட்டால் குளிர்ச்சி குறையும், பின்னால் குழாய் வியர்க்கும்.

பாடிக்குள் கசிவு

பக்கச் சுவர்கள் சூடாகும் மாடல்களில் கண்டென்சர் ஃபோமுக்குள் புதைந்திருக்கும். அங்கே ஓட்டை விழுந்தால் தொடவே முடியாது. அதைத் துண்டித்துவிட்டுப் பின்னால் கம்பிவலைக் கண்டென்சர் மாட்டுகிறார்கள். வேலை செய்யும், சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், லேபிளில் உள்ள கேஸ் அளவும் இனி பொருந்தாது. கதவு விளிம்புச் சூட்டுக் குழாயையும் சேர்த்துத் துண்டித்தால் மழைக்காலத்தில் விளிம்பு சொட்டச் சொட்ட வியர்க்கும்.

புதிது

பாடிக்குள் கசிவோடு கம்ப்ரசரும் போயிருந்தால், அல்லது அடிப்பாகம் துருப்பிடித்துப் பத்து வருடம் தாண்டியிருந்தால், செலவழிக்காதீர்கள். பல கம்பெனிகள் கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரன்ட்டி தருகின்றன. ஆனால் கேஸும் கூலியும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். பில்லைத் தேடிவிட்டு முடிவெடுங்கள்.

ரிப்பேர் முடிந்ததும் உடனே பணம் கொடுக்க வேண்டாம். முக்கால் மணி நேரம் ஓடட்டும். ஃப்ரீசர் முழுக்க ஒரே சீராகப் பனி படர வேண்டும். கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாயில் பனி பிடித்தால் கேஸ் அதிகம். அப்போதே குறைக்கச் சொல்லுங்கள்.