பாலில் எந்தப் பழம் நிற்கும்? வாழை, மாம்பழம், சப்போட்டா, பேரீச்சை, ஸ்ட்ராபெரி, அன்னாசி: ஒரு வீட்டுக் கணக்கு

என் பெண்ணுக்கு ஆறு வயது. வெறும் பாலைக் கொடுத்தால் டம்ளரை ஒற்றை விரலால் தள்ளி வைத்துவிடுவாள், பாட்டிலில் வரும் பிங்க் பால் என்றால் ஒரே மூச்சில் காலி. ஒருநாள் அந்த பாட்டிலைத் திருப்பி என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்தேன். பால், சர்க்கரை, நிறமூட்டி, மணமூட்டி. முன்பக்கம் அவ்வளவு பெரிய ஸ்ட்ராபெரி படம், பின்பக்கம் பழம் என்ற சொல்லே இல்லை.

சர்க்கரையையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலிலேயே 100 மி.லி.க்கு சுமார் 5 கிராம் சர்க்கரை இயற்கையாக இருக்கிறது, அது லாக்டோஸ். லேபிளில் மொத்த சர்க்கரை 11 கிராம் என்று இருந்தால் மீதி 6 கிராம் வெளியிலிருந்து போட்டது. 200 மி.லி. பாட்டிலுக்கு 12 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன். வீட்டில் எந்த அம்மாவும் ஒரு டம்ளர் பாலில் மூன்று ஸ்பூன் போட்டுக் கொடுக்க மாட்டாள்.

சரி, அப்போ வீட்டிலேயே செய்வோம் என்று இறங்கினால் முதலில் வரும் சிக்கல் வாசனை. எசென்ஸ் வாசனைக்குப் பழகிய நாக்குக்கு நிஜப் பழம் சப்பென்றுதான் இருக்கும். அதனால் "எந்தப் பழம் நல்லது" என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்தப் பழத்தின் மணம் பாலை மீறி வெளியே வருகிறது, எது பாலைத் திரிக்காமல் இருக்கிறது, காலை ஏழு மணி அவசரத்தில் எதைச் செய்ய முடியும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வாழையும் மாம்பழமும்தான் நேரடிப் போட்டி. மணத்தில் மாம்பழத்தை எதுவும் தொட முடியாது. இமாம் பசந்த் அல்லது மல்கோவா கிடைத்தால் அரை டம்ளர் கூழ், முக்கால் டம்ளர் ஆறிய பால், அவ்வளவுதான், சர்க்கரை ஒரு துளி வேண்டாம். பங்கனப்பள்ளியில் நார் இல்லை, மிக்சிக்கு அதுதான் வசதி. ஆனால் காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் (தடை செய்யப்பட்டதுதான், ஆனாலும் சந்தைக்கு வருகிறது) மேலே மஞ்சளாக இருக்கும், உள்ளே மணம் இருக்காது, பாலில் கலந்தால் புளிப்பு மட்டும் மிஞ்சும். அரைப்பழமாக இருந்தால் பாலே திரிதிரியாகிவிடும். மாம்பழத்தின் பெரிய குறை, சீசன் ஏப்ரலில் தொடங்கினால் கடைசியாக வரும் நீலம் ரகம் முடியும்வரைதான். அதற்காக நான் ஜூனில் கூழை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கிறேன். இரண்டு மூன்று மாதம் வருகிறது, மணம் கொஞ்சம் குறையும், குடிக்க முடியாத அளவுக்கு இல்லை.

வாழை வருடம் முழுக்க உண்டு, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் எந்த வாழை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பச்சை வாழையில் பால் கெட்டியாகும், மணம் வராது. பூவனில் ஒரு புளிப்பு இருப்பதால் என் கைக்கு ஒருபோதும் சரியாக வந்ததில்லை. மலைவாழை கிடைத்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள். சின்னப் பழம், தோலில் கரும்புள்ளி விழுந்த பிறகு உரித்தால் அறையே மணக்கும், சதையில் நீரும் குறைவு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழையைத் தேடிப் போவதும் இதனால்தான். ஒரு டம்ளருக்கு இரண்டு சின்னப் பழம், ஒரு ஏலக்காய். இதன் குறை, அடித்து அரை மணி நேரத்தில் பழுப்பாகி ஒருமாதிரி வழவழப்பாகிவிடும். முதல் நாள் இரவே செய்து வைக்கிற வேலையெல்லாம் நடக்காது. வாழையும் பாலும் சேர்ந்தால் சளி பிடிக்கும் என்று என் மாமியார் சொல்வார், ஆயுர்வேதத்திலும் இதைச் சேராத சேர்க்கை என்றே சொல்கிறார்கள். நான் பகலில் கொடுக்கிறேன், இரவில் கொடுப்பதில்லை, மூக்கு ஒழுகும் நாட்களில் விட்டுவிடுகிறேன். அவளுக்கு இதுவரை ஒத்துக்கொள்கிறது.

சப்போட்டாவை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். நன்றாகக் கனிந்த பழத்தில் காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனை, பாலோடு சேர்ந்தால் பால்கோவா நினைவு வரும். ஆனால் ஒருநாள் முந்தினாலும் துவர்க்கும், உதட்டில் பிசின் ஒட்டும். விதையின் ஒரு முனையில் கொக்கி மாதிரி இருக்கும், தொண்டையில் சிக்கக்கூடியது. அதனால் கையால் பிதுக்கி விதையை எண்ணி எடுத்த பிறகுதான் மிக்சி.

அன்னாசிதான் எனக்குப் பாடம் நடத்தியது. மணம் பிரமாதம் என்று பச்சையாகவே அடித்துப் பாலில் கலந்து மாலைக்கு என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கை வெளியே நீட்டி என்னையே பார்த்தாள். நான் குடித்துப் பார்த்தால் வேப்பிலைக் கசப்பு. பால் கெட்டுப்போகவில்லை. அன்னாசியில் உள்ள ப்ரொமிலைன் என்ற நொதி பால் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, அந்தத் துண்டுகள்தான் கசக்கின்றன. பப்பாளியிலும் பப்பெய்ன் என்று இதே வேலையைச் செய்கிற ஒன்று உண்டு. பப்பாளிப் பாலைக் கலந்த உடனே குடித்தால் தெரியாது, வைத்திருந்தால் தெரியும். அன்னாசித் துண்டுகளைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு முழுக்க ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும், கசப்பு வராது. ஆனால் அன்னாசியின் புளிப்பு அப்படியே இருக்கும், சூடான பாலில் ஊற்றினால் திரிந்துவிடும். இவ்வளவு பாடு பட்டுப் பாலில் சேர்ப்பதற்கு அன்னாசியைச் சும்மா வெட்டிக் கொடுத்துவிடலாம் என்பது என் முடிவு.

ஸ்ட்ராபெரிக்கு அந்தப் பாடு தகும், ஏனென்றால் பிங்க் பாட்டிலுக்கு எதிரே நிற்கக்கூடியது அது ஒன்றுதான். 100 கிராம் பழத்தை நறுக்கி, இரண்டு டீஸ்பூன் சர்க்கரையோடு சின்னத் தீயில் வற்றவிட்டு ஜாம் பதத்துக்கு முன்பே இறக்கிவிடுங்கள். ஆறிய பிறகு குளிர்ந்த பாலில் ஒரு மேசைக்கரண்டி. மூன்று நான்கு டம்ளருக்கு வரும், ஆகவே ஒரு டம்ளருக்குப் போட்ட சர்க்கரை அரை ஸ்பூன் சொச்சம்தான். நிறம் மட்டும் வெளிறிப்போகும். அதற்கு வேகவைத்த பீட்ரூட்டில் நகம் அளவு ஒரு துண்டைச் சேர்த்து அரைத்தால் போதும், அதற்கு மேல் போனால் மண் வாசனை வந்துவிடும். என் பெண் இதைப் பாட்டில் பால் என்று நினைத்தே முதல் தடவை குடித்தாள், பிறகு உண்மையைச் சொன்னேன், அப்புறமும் குடிக்கிறாள்.

இத்தனைக்கும் பிறகு எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் ஓடுவது பேரீச்சைப் பால். சீசன் கிடையாது, அழுகாது, திரியாது. பாலைக் காய்ச்சி இறக்கி, கொட்டை நீக்கிய மூன்று பழத்தை அதிலேயே அரை மணி ஊறவிட்டு அடித்துவிடலாம். தோல் துணுக்கு ஸ்ட்ராவில் அடைக்கும், டீ வடிகட்டியில் ஒருமுறை ஊற்றிவிடுங்கள். பழத்திலும் சர்க்கரை நிறையத்தான் இருக்கிறது, பேரீச்சையில் பாதிக்கு மேல் சர்க்கரை, அதனால் மூன்றைத் தாண்ட வேண்டாம். நிறம் பழுப்பு. அவள் அதற்குக் காபி என்று பேர் வைத்திருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. ஐஸ் போட்டுச் சில்லென்று கொடுக்காதீர்கள். குளிர் கூடக்கூட நாக்குக்கு இனிப்பும் மணமும் குறைவாகத் தெரியும், உடனே சர்க்கரை டப்பாவுக்குக் கை போகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி வெளியே வைத்துக் கொடுத்தால் அதே பால் இனிக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இது எதுவும் வேண்டாம், இனிப்புக்காகத் தேன் விடவே கூடாது. பெரிய பிள்ளைகளுக்கும் நாளைக்கு ஒரு டம்ளர் போதும். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் தட்டு அப்படியே திரும்பி வரும், அதனால் நான் பள்ளிவிட்டு வந்ததும் நாலரை மணிக்குக் கொடுக்கிறேன்.