சுவாமிமலைக்கு வந்த வார்ப்புப் பட்டறை: சிலை செய்யக் கொடுப்பவர்களுக்கு

சென்னைப் புறநகரில் இருந்த ஒரு பஞ்சலோகச் சிலைப் பட்டறை, விற்பனைக் கடையை மட்டும் அங்கே விட்டுவிட்டு வார்ப்புக்கூடத்தை முழுதாகச் சுவாமிமலைக்குக் கொண்டுவந்துவிட்டது. இடம் மாறுவதற்கு முன் வார்த்த ஓரடி அம்மனையும் மாறிய பின் வார்த்த ஓரடி அம்மனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வித்தியாசம் முதலில் விரல்களில் தெரியும். பழையதில் விரல்கள் உளியால் பிரித்தவை. புதியதில் மெழுகிலேயே பிரிந்து, அப்படியே உலோகத்துக்கு வந்தவை.

காரணம் மண். சிலையை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி அச்சாக்கி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகு உருவத்தின் மேல் ஏறும் முதல் பூச்சுதான் சிலையின் தோல். காவிரி வண்டலோடு உமிக்கரியை அரைத்து, துணியில் வடிகட்டி, தோசைமாவுப் பதத்தில் பூசுவார்கள். கனம் மூன்று மில்லிமீட்டர் போதும். வண்டல் நைசாக இருப்பதால் நகக்கண், முத்துச்சரம், ஆடை மடிப்பு எல்லாம் அப்படியே பதியும். உமிக்கரி கலப்பதால் வார்க்கும்போது கிளம்பும் காற்று மண் வழியாகவே வெளியேறும். சென்னையில் கிடைத்த களிமண்ணை எவ்வளவு சலித்தாலும் இந்தப் பதம் வரவில்லை. பூச்சு வெடித்து, வெடிப்புக்குள் உலோகம் ஓடிப் பிசிறாக நிற்கும். அந்தப் பிசிறை வெட்டி அரம் போட்டால் பக்கத்திலிருக்கும் நகாசும் சேர்ந்து தேயும்.

மண்ணை லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம், ஆளை அப்படிக் கொண்டுபோக முடியாது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் கட்ட இரண்டாம் இராசராசன் காலத்தில் வந்த சிற்பிகளின் வழியினர் தாங்கள் என்பது இந்த ஊர் ஸ்தபதிகள் சொல்லும் மரபு. மெழுகு பிடிப்பவர், மண் கட்டுபவர், உலோகம் உருக்கும் மூசை பார்ப்பவர், உளி வேலைக்காரர் என்று எல்லோரும் நாலு தெருவுக்குள் இருக்கிறார்கள். 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜரும் இந்த ஊர்க் கைகளில், இதே மெழுகு வார்ப்பு முறையில்தான் உருவானார். பழைய இடத்தில் மெழுகு ஒருவர், உளி இன்னொருவர். மெழுகில் நினைத்த புருவம் உளிக்காரர் கையில் வேறு புருவமாகும். இப்போது முகத்தை மெழுகில் பிடித்தவரே உலோகத்திலும் தொட்டு முடிக்கிறார். இந்த ஒன்றுக்காகவே இடமாற்றத்தை மனதாரப் பாராட்டலாம்.

அளவு விஷயத்திலும் இப்போது நம்பிக்கை வைக்கலாம். சிவன், திருமால் போன்ற திருமேனிகளுக்கு உத்தம தசதாளம், அதாவது உயரம் 124 பங்கு. அம்மனுக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. தென்னை ஓலையை உயரத்துக்கு நறுக்கி, மடித்து, பங்கு குறிக்கிறார்கள். பன்னிரண்டு அங்குலச் சிவன் சிலையில் ஒரு பங்கு இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது. உதட்டில் அரைப் பங்கு தவறினால் சிரிப்பே மாறிவிடும். அதனால் மெழுகு நிலையிலேயே நேரில் போய்ப் பாருங்கள். திருத்த வேண்டுமானால் அதுதான் நேரம். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ந்த கலவை அந்த மெழுகு. சித்திரை வெயிலில் குழையும், மார்கழிக் குளிரில் ஒடியும். பருவத்துக்குத் தக்கபடி எண்ணெயையும் குங்கிலியத்தையும் கூட்டிக் குறைக்கிறார்களா என்று கேளுங்கள். வேலை செய்யும்போது பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் நல்ல அறிகுறி, பிடித்த உறுப்பை அதில் போட்டுத்தான் இறுக்குவார்கள்.

வார்ப்பில் குறை வரும் இடங்கள் இரண்டு. அச்சில் ஈரமோ மெழுகோ மிச்சமிருந்தால் ஊசித்துளை விழும். வரட்டி அடுக்கி மெழுகை வடித்த பிறகும், அச்சு நன்றாகச் சிவக்கும்வரை சுட வேண்டும். அச்சு ஆறிய பிறகு ஊற்றினால் சிலையைச் சுற்றி வளையும் திருவாசியின் சுடர் நுனியும் விரல் நுனியும் நிரம்பாமல் நின்றுவிடும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். பித்தளையும் ஈயமும் சேர்வதால் கலவை அதற்குக் கீழேயே உருகும், ஆனாலும் மெல்லிய இடத்துக்குப் போவதற்குள் சூடு இறங்கிவிடும். இந்தப் பட்டறை அச்சைக் குழியில் புதைத்து, சூடு குறையுமுன், அறுபடாத மெல்லிய தாரையாக ஊற்றுகிறது. காற்றுப் போகும் துளை வழியே உலோகம் எட்டிப் பார்த்தால்தான் நிறுத்துகிறார்கள். ஈயத்தைக் கூட்டினால் ஓட்டம் நன்றாக இருக்கும், ஆனால் சிலை சீக்கிரம் கறுக்கும், உளி வேலையும் கூர்மையாக நிற்காது. கலவை விகிதத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பணம் கிலோ கணக்கு என்பதால் எடையில் கவனம் வேண்டும். பட்டறை வழக்கில் ஒரு கிலோ மெழுகுக்கு எட்டு கிலோ உலோகம். ஆனால் உலோகம் உள்ளே ஓட வழிவிடும் வார்ப்புக் கால்களுக்குப் போகும் மெழுகும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். கால்களை அறுத்து, அரம் போட்ட பிறகு நிற்கும் எடைக்குத்தான் விலை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இங்கே இதைத் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள். கனவார்ப்பு, அதாவது உள்ளே வெற்றிடமில்லாத முழு உலோகம், என்று சொல்லிக் கொடுத்த சிலையைத் தண்ணீரில் சோதிக்கலாம். நிறைந்த பாத்திரத்தில் முழுக்கினால் எட்டு கிலோ சிலை ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஒன்றேகால் லிட்டர் வழிந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது.

மெருகுக்கு முன்னால் ஒரு தடவை பார்ப்பது கட்டாயம். புளி போட்டுத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். துளையை அடைத்த இடம் வேறு நிறத்தில் பளிச்சென்று தெரியும். முதுகு, கை இடுக்கு, சடையின் பின்புறம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அதே உலோகத்தால் அடைத்த ஓரிரு சிறு துளைகள் குற்றமில்லை. பசையால் அடைத்திருந்தால் அபிஷேகச் சூட்டிலும் எண்ணெயிலும் கழன்றுவிடும், வாங்கவே வேண்டாம்.

பட்டறை இன்னும் திருத்த வேண்டியது பீடம். தனியாக வார்த்துப் பொருத்தும் பத்ம பீடத்தில், சிலையின் அடியிலுள்ள முளைக்கும் அது இறங்கும் பீடக் குழிக்கும் இடையே இடைவெளி விடுகிறார்கள். சிலை ஆடுகிறது, பாலும் தேனும் உள்ளே இறங்கித் தேங்கிப் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. பொருத்தியபின் அசைத்துப் பார்த்து, ஆடினால் அங்கேயே திருத்தி வாங்குங்கள். மெஷின் மெருகும் வேண்டாம். சக்கரம் ஒரே சுற்றில் நகாசின் விளிம்பை மழுக்கிவிடும். கை மெருகு என்று கேட்டால் கூடுதல் நாளும் கூலியும் ஆகும், கொடுக்கலாம்.

காலக்கெடு சொல்வதில் இன்னும் சென்னைக் கணக்கே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் அச்சு நிழலில் காய்வது இரண்டு மடங்கு நாளாகும். அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் முதல் பூச்சு வெடிக்கும். தை மாதக் குடமுழுக்குக்குச் சிலை வேண்டுமென்றால் ஆடிக்குள் முன்பணம் கொடுத்து, புரட்டாசிக்குள் வார்ப்பு முடியும்படி எழுதி வாங்குங்கள். நகாசும் மெருகும் மழைக்காலத்தில் கூரைக்குக் கீழே நடக்கும்.

கண் திறப்பைப் பட்டறையிலேயே முடித்துத் தருவதா, கோயிலுக்கு வந்து செய்வதா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். வந்து செய்வதென்றால் முகம் பிடித்த ஸ்தபதியே வர வேண்டும் என்று கேளுங்கள். சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ அனுப்புவதென்றால், சிலை தொல்பொருள் அல்ல என்ற இந்தியத் தொல்லியல் துறைச் சான்று வேண்டும். அதற்கான புகைப்படங்களை மெருகு முடிந்த அன்றே, நான்கு பக்கமும் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் அடைத்த பிறகு யாரும் பிரித்துக் காட்ட மாட்டார்கள்.