மக்கும் பைன்னு சொன்னத நம்பி 14 தொட்டி மண்ணும் போச்சுங்க, நீங்களாவது பாத்து வாங்குங்க

மாடித்தோட்டம் வச்சிருக்கவங்க, வீட்லயே பானைல உரம் போடுறவங்க எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க. பச்சை கலர்ல ரோல் ரோலா "மண்ணுல மக்கும் குப்பைப் பை"னு விக்கிறாங்கல்ல, அத வாங்கி நான் பட்டது தான் இது. ரெண்டு மாசமா மனசுல வச்சிட்டே இருந்தேன், நேத்து பக்கத்து தெரு அக்கா ஒருத்தங்க கைல அதே ரோல பாத்ததும் இனி எழுதாம இருக்கக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்.

எங்க வீடு கோயம்புத்தூர். மாசி மாசம் இங்க ஒரு கல்யாண மண்டபத்துல பசுமைக் கண்காட்சி போட்டிருந்தாங்க. மூங்கில் பிரஷ், பாக்குமட்டைத் தட்டு, பூந்திக்கொட்டைப் பொடின்னு நிறைய ஸ்டால், அதுல நல்ல பொருளும் இருந்துச்சு, அத மறைக்க மாட்டேன். ஒரு ஸ்டால்ல மூணு கண்ணாடி ஜாடி வச்சிருந்தாங்க. முதல் ஜாடில முழுப் பை, அடுத்ததுல கிழிஞ்ச பை, மூணாவதுல வெறும் மண்ணு. மேல 1வது நாள், 45வது நாள், 90வது நாள்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு. அந்தப் பொண்ணு நல்லா சிரிச்ச முகமா, "அக்கா நீங்க கை அழுக்காக வேண்டியதே இல்ல, காய்கறித் தோல பைல போட்டு முடிச்சு போட்டு அப்படியே உரப் பானைல போட்டுருங்க, 90 நாள்ல மண்ணோட மண்ணாயிரும்"னு சொல்லுச்சு. கடைல சாதா ரோல் 70 ரூபாய்க்கு கிடைக்குது, இது ஒரு ரோல் 200. ஆறு ரோல் சேத்து 1,150க்கு குடுத்தாங்க, கூடவே அரை லிட்டர் வேப்பெண்ணெய் 350. மொத்தம் 1,500 ஜிபே பண்ணேன். பில்லு கேட்டதுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறேன்கான்னு சொன்னாங்க. வரவே இல்ல, நானும் விட்டுட்டேன்.

என் மாமியாருக்கு அந்தப் பைய தொட்ட உடனேயே புடிக்கல. ரெண்டு கையாலயும் இழுத்துப் பாத்துட்டு, "ஏங் கண்ணு, ரப்பராட்ட இழுபடுது, இதப் போயா மண்ணு தின்னும்?"னு கேட்டாங்க. இல்லீங்கத்தை, சோள மாவுல செஞ்சதாம்னு நான் தான் சமாதானம் சொன்னேன்.

எங்க வீட்ல அடுக்குப் பானை மூணு இருக்கு. நாலு வருசமா பழக்கம் தான், காய்கறிக் கழிவு போட்டு மேல தேங்காய் நார்த்தூள் தூவி, வாரம் ஒருக்கா புளிச்ச மோர் தெளிச்சு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா கிளறி விட்டா ரெண்டரை மூணு மாசத்துல மழை பெஞ்ச மண்ணு வாசத்தோட உரம் வந்துரும். பைய போட ஆரம்பிச்ச பதினஞ்சாவது நாளே பானைல நாத்தம். முட்டை அழுகின மாதிரி. முடிச்சு போட்ட பைக்குள்ள காத்து எப்படிப் போகும், உள்ளயே தண்ணி விட்டு அழுகியிருக்கு. ஸ்டால்காரங்ககிட்ட கேட்டதுக்கு ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்கா, பழகிரும்னு மெசேஜ் வந்துச்சு.

ஆனி கடைசில மேல் பானைய தொறந்து பாத்தா எனக்கு ஒரே சந்தோசம். வெயில் பட்ட மேல் அடுக்குல பை காணோம், தொட்டா பொடிப்பொடியா உதிருது. மக்கிருச்சுன்னே நெனச்சேன். மணல் சலிக்கிற பெரிய கண்ணு சல்லடைல ஒருவாட்டி சலிச்சு, செம்மண்ணோட கலந்து 14 தொட்டி ரொப்பிட்டேன். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்கல்ல, வெண்டை, கத்தரி, கொத்தவரை, பாப்பாக்குன்னு தனியா ஒரு அகலத் தொட்டில சிறுகீரை எல்லாம் அந்த மண்ணுல தான் விதைச்சோம்.

ஆவணில நல்லா ஒரு மழை அடிச்சுது. மறுநாள் காலைல மாடிக்கு போனா ஒவ்வொரு தொட்டி மேலயும் பச்சையா ஏதோ மினுக்குது. பாசின்னு நெனச்சு நகத்தால சுரண்டுறேன், நகத்துக்குள்ள ஒட்டிட்டு வருது. சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டு. கடுகு அளவு, அரிசி அளவு, சிலது சுண்டுவிரல் நகம் அளவு. வாடிப் போயிருந்த ஒரு வெண்டைச் செடிய புடுங்கிப் பாத்தேன், அதோட வேர் ஒரு பச்சைத் துண்ட ஓட்டை போட்டு உள்ள பூந்து வெளிய வந்து இன்னொரு துண்டச் சுத்தியிருக்கு. அத கைல வச்சிட்டு அப்படியே படில உக்காந்துட்டேன். பாப்பாக்கு அந்த மண்ணுல வந்த கீரையத் தான் மூணு வாரமா கடைஞ்சு குடுத்திருக்கேன்.

அப்புறம் வேகமா போய் அடிப்பானைய கவுத்துப் பாத்தேன். அங்க வெயிலே படல. நான் பங்குனில போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கு. உள்ள இருந்த வாழைப்பழத் தோலெல்லாம் கருப்புக் கூழாயிருச்சு, ஆனா முடிச்சு மட்டும் நேத்து போட்டது மாதிரி. அவ்ளோ நாள் மண்ணுல கிடந்தும் ஒரு இழை அறுந்திருக்கல.

அந்த நம்பருக்கு போட்டோ அனுப்பிட்டு கூப்பிட்டேன். மொதல்ல "ஈரப்பதம் சரியா இருந்திருக்காதுக்கா". அடுத்த நாள் "நீங்க வெயில்ல வச்சிருக்கணும்கா". அப்ப கண்காட்சில ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு ஒரு சர்டிபிகேட் பிடிஎப் அனுப்பினாங்க. அத நிதானமா பெருசு பண்ணிப் பாத்தா கம்பெனி பேரு வேற, ஊரு வேற மாநிலம், தேதி முடிஞ்சு ஒன்றரை வருசம் ஆச்சு. இது உங்க பேர்ல இல்லையேன்னு கேட்டேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, அவ்ளோ தான். சாயங்காலம் பாத்தா டிபி காணோம், என்ன பிளாக் பண்ணிட்டாங்க.

அதுக்கப்புறம் தான் ஒரு வாரம் உக்காந்து இதப் பத்தி தேடிப் படிச்சேன், தெரிஞ்சவங்ககிட்ட கேட்டேன். முன்னாடியே செஞ்சிருக்கணும். இந்த மாதிரிப் பைய நம்ம நாட்டுல சும்மா யாரும் செஞ்சு விக்க முடியாதுங்க. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிப்படி, உரமா மாறுற பை செய்யணும்னா மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துகிட்ட சர்டிபிகேட் வாங்கணும். பை மேலயே செஞ்ச கம்பெனி பேரு, அந்த சர்டிபிகேட் நம்பர், கம்போஸ்டபிள்ங்கிற வார்த்தை எல்லாம் அச்சடிச்சிருக்கணும். அதுக்கான தர அளவு ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088. சர்டிபிகேட் வாங்கின கம்பெனிங்க லிஸ்ட் வாரியத்தோட வெப்சைட்லயே இருக்கு, பேர ஒத்துப் பாக்க அஞ்சு நிமிசம் போதும். என் ரோல்ல என்ன இருந்துச்சு தெரியுமா, ஒரு இலை படம், "100% பயோடீகிரேடபிள்", "பூமிய காப்போம்". நம்பரும் இல்ல, செஞ்சவங்க பேரும் இல்ல.

இன்னொன்னு இத விட முக்கியம். அந்த 17088 வாங்கின ஒரிஜினல் பை கூட நம்ம வீட்டுப் பானைக்கு ஆனது இல்ல. அத டெஸ்ட் பண்றது பெரிய உரக்கிடங்குல வர்ற மாதிரியான சூட்டுல, 58 டிகிரி கிட்ட. அந்தச் சூடு நிலையா இருந்தா தான் மூணு மாசத்துல அது துண்டு துண்டாகி, ஆறு மாசத்துக்குள்ள மக்கி முடியும். நம்ம மண்பானை அந்தச் சூட்ட அத்தன நாளைக்கு தாங்கிப் புடிக்காது. அதனால உண்மையான பைய விக்கிறவங்களே கூட பானைல அப்படியே போடுங்கன்னு சொன்னா நம்பாதீங்க.

என்கிட்ட வித்தது அதுவும் இல்லன்னு தான் நான் நெனைக்கிறேன். வெயில் பட்ட இடத்துல மட்டும் உதிர்ந்து, இருட்டுல அப்படியே இருந்துச்சு பாருங்க, ஆக்ஸோனு ஒரு வகைப் பை இப்படித் தான் நடந்துக்கும். சாதா பாலிதீன்ல இரும்பு, மாங்கனீசு மாதிரி உப்பு கலந்து விடுவாங்க, வெயிலும் சூடும் பட்டா நொறுங்கிரும். நம்ம கண்ணுக்கு காணாம போனது மாதிரி தெரியும், ஆனா அத்தனையும் மண்ணுக்குள்ள தூளா கிடக்கும். ஐரோப்பிய யூனியன்ல இந்த வகைய 2021 ஜூலைல இருந்தே விக்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. எனக்கு இதுல தான் வயிறு எரியுது. சாதா கவரா இருந்திருந்தா முழுசா எடுத்து வெளிய போட்டிருப்பேன், இப்ப சலிச்சாலும் தீராத தூளாக்கி என் கையாலயே செடிக்கு போட வச்சிட்டாங்க.

வீட்லயே ஒரு சோதனை பண்ணலாம். பைல இருந்து தபால்தலை அளவுக்கு வெட்டி, ஒரு சொம்பு தண்ணில முக்கி, விரலால தடவி காத்துக் குமிழ் எல்லாம் எடுத்துட்டு விடுங்க. பாலிதீன் தண்ணிய விட லேசு, மேல வந்துரும். உரமாகுற பைல இருக்கிற பிஎல்ஏ, பிபிஏடிங்கிற மக்குற வகை பிளாஸ்டிக் எல்லாம் தண்ணிய விட கனம், கீழ போயிரும். என்னது மூணு வாட்டி முக்கியும் மேல தான் வந்துச்சு. தோழி வீட்ல சர்டிபிகேட் நம்பர் போட்ட பை இருந்துச்சு, அது அடில போய் படுத்துக்குச்சு. ஆனா முழுகுனதாலயே நல்ல பைன்னு முடிவு பண்ணிராதீங்க, சுண்ணாம்புத் தூள் நிறைய கலந்த பிளாஸ்டிக்கும் முழுகும். மிதந்தா மட்டும் சந்தேகமே இல்லாம தூக்கிப் போட்டுருங்க.

அந்த வேப்பெண்ணெய் கதையும் கிட்டத்தட்ட இதே தான். நல்ல வேப்பெண்ணெய் மூடிய தொறந்தாலே வெங்காயம் பூண்டு அழுகின மாதிரி குப்புன்னு அடிக்கும், மார்கழிக் குளிர்ல கட்டியாகும். இதுல வாசமே இல்ல, தண்ணி மாதிரி ஓடுது. அடிச்ச கத்தரி இலையெல்லாம் ஓரம் கருகிருச்சு.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணேன், தமிழ்லயே பேசலாம். நல்லா கேட்டு பதிவு பண்ணி நம்பர் குடுத்தாங்க. ஆனா அவங்க கேட்ட முதல் விசயமே பில்லு, கடை முகவரி. என்கிட்ட இருந்தது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் சாட்டும் மட்டும் தான், அத வச்சு தான் போட்டிருக்கேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட ஆபீஸ்லயும் மீதி ரோல்ல ஒன்ன வச்சு எழுதிக் குடுத்திருக்கேன். 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த பசுமைப் பொய் விளம்பரத்துக்குன்னே வழிகாட்டுதல் போட்டிருக்கு, ஆதாரம் காட்டாம பசுமை, சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு போட்டு விக்கக் கூடாது. அதையும் மனுல சேத்திருக்கேன். பணம் வருமான்னு கேட்டா எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல, ஆனா அடுத்த கண்காட்சில அந்த மூணு ஜாடி இருக்கக் கூடாது.

இப்ப பை கிய்யி எதுவும் கிடையாது. மூடி போட்ட ஒரு சின்ன பக்கெட், அடில ரெண்டு மடிப்பு நியூஸ்பேப்பர், நெறஞ்சதும் பேப்பரோட பானைல கொட்டுறேன், பேப்பர் தானா மக்கிருது.

மாசில கோயம்புத்தூர் கண்காட்சில பச்சை ரோல், இலை படம், நம்பர் இல்லாம வாங்குனவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு பானைல போட்டத இன்னைக்கே வெளிய எடுத்துருங்க, வெயில் பட்டு உதிர ஆரம்பிச்சா அப்புறம் பிரிக்கவே முடியாது. சாட், ரசீது எது இருந்தாலும் பத்திரமா வச்சுக்கோங்க, நாலு பேரு சேர்ந்து குடுத்தா கேஸ் வலுவா இருக்கும்.

நாங்க ஒவ்வொரு தொட்டியா கொட்டி, சாக்கு மேல மண்ண காய வச்சு, மாவு சலிக்கிற சல்லடைல சலிச்சு, தண்ணில கரைச்சு மேல மிதக்குறத டீ வடிகட்டியால அள்ளுறோம். அத்தை பகல் பூரா கண்ணாடி போட்டுட்டு அதுலயே உக்காந்திருக்காங்க. ஒம்பது தொட்டி ஆச்சு, இன்னும் அஞ்சு இருக்கு. கீரைத் தொட்டி மண்ண மட்டும் சலிக்கல, தனியா மூட்டை கட்டி வச்சுட்டோம், அதுல இனி பாப்பாக்கு எதையும் விதைக்க எனக்கு மனசு வரல.